ஆளில்லாமல் மலைக்குப் போன கூடை

செவ்வாய்க்கிழமை காலை, மலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வாசலில் வந்து நின்றார். எனக்குத் தந்தி அனுப்ப உலகத்தில் யாரும் கிடையாது. அதனால் வாசலிலேயே பிரித்துப் படித்தேன். செபமாலை அக்கா தவறிவிட்டார், நாளை அடக்கம், நுவரெலியாவுக்கு வரவும் என்று இருந்தது. தொட்டிலில் ஒரு பிள்ளை பசியில் கத்தியது. அதற்குப் பாலைக் கொடுத்து ஏப்பம் வரவைத்த பிறகுதான் நான் அழுதேன். முதலில் அழுதிருந்தால் அக்காவே என்னைத் திட்டியிருப்பார்.

மஸ்கெலியாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரோடு கொழுந்தெடுத்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்று பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு நிம்மதியாக மலைக்குப் போகிற இளம் தாய்மார் பலருக்கு அந்த நிம்மதி எப்படி வந்தது என்று தெரியாது. அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துப் பிள்ளைக்காம்பரா, புகை படிந்த ஒரு கொட்டகை. மலையேற முடியாத கிழவி ஒருத்தியை ஆயா என்று அங்கே உட்கார வைப்பார்கள். அவளுக்கே ஒரு ஆயா தேவைப்படும். அக்காவின் மூத்த பிள்ளை எட்டு மாதத்தில் அங்கேதான் வயிற்றுப்போக்கில் போனது. பால் போத்தலை யாரும் சரியாகக் கழுவவில்லை. "யாரைக் குத்தம் சொல்ல? தெரியாதவகிட்ட குடுத்தோம், தெரியாமயே போயிருச்சு" என்பார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களின் வாக்குரிமை போன நேரம் அது. ஆயா வேலைக்கு ஆஸ்பத்திரியில் மூன்று மாதப் பயிற்சி உண்டு என்று மருத்துவச்சி அம்மா வந்து சொன்னார். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை தடை சொல்லவில்லை. போகலாம், ஆனால் அந்த நாட்களுக்குப் பேர் கிடையாது என்றார். பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் கூலி. அப்பா இழுப்பு நோயோடு படுத்திருந்தார், கீழே இரண்டு தம்பிகள். மூன்று மாதம் எனக்குப் பேர் விழாவிட்டால் எங்கள் அடுப்பில் பூனை தூங்கும். போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்கா என் குடத்தைத் தள்ளி வைத்தார்.

"நீ போ காமாட்சி. உன் கூடை மலைக்கு வரும்."

"ஆளில்லாம கூடை எப்படிக்கா வரும்?"

"எனக்குத் தலை கெட்டின்னு எங்க மாமியா தினம் சொல்லுது. ரெண்டு கூடைக் கயிறு தாங்காதா?" என்றார். பிறகு ஐந்து மாத வயிற்றில் கை வைத்தார். "இது பொறந்து நான் மறுபடி மலைக்குப் போறப்ப, தெரிஞ்சவ ஒருத்தி அங்க இருக்கணும். உனக்காக இல்ல, எனக்காகப் போ."

விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆளாக நின்று பேர் கொடுத்துவிட்டு, குறுக்குப் பாதையில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். எங்கள் கொழுந்து நிரையில் என்னைத் தவிர இருபத்திரண்டு பெண்கள். ஒவ்வொரு நிறுவைக்கு முன்னாலும் ஆளுக்கு ஒரு கை கொழுந்து என் கூடையில் விழும். கங்காணி சரியாக அந்த நேரத்தில் வெற்றிலை மடிக்கத் திரும்பிக்கொள்வார். கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். அக்கா இரண்டு கூடையையும் நிறுத்துப் பேர் சொல்லிவிட்டு வருவார்.

சும்மா கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மாலையில் பீலிக்கரையில் இருபத்திரண்டு பேரும் எனக்காகக் காத்திருப்பார்கள். "எங்க கைக்கு இன்னிக்கு என்ன படிச்ச? சொல்லு" என்று அக்கா ஆரம்பிப்பார். பாயை வெயிலில் போடுவது, சிரங்குள்ள பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். ஒரு நாள் களைப்பில் ஒன்றும் படிக்கவில்லை என்றேன். "அப்ப நாங்க போட்ட கொழுந்தைத் திருப்பிக் குடு" என்று கையை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு ஒரு நாளும் பாடத்தை மறந்ததில்லை.

இரண்டாம் மாதத்தில்தான் தவறு நடந்தது. யாரோ ஒருத்தி என் கூடையில் முற்றிய இலையைப் போட்டுவிட்டாள். அக்கா கண்டுபிடித்துவிட்டார். "படிக்கிற பிள்ளைக்குப் போடுறதுல கழிசலையா போடுவீங்க?" என்று கேட்டாராம். வெட்கத்தில் அந்த வாரம் முழுவதும் எல்லோரும் நல்ல கொழுந்தாகப் பார்த்து, கை கொள்ளாமல் அள்ளிப் போட்டார்கள். கொழுந்து கூடிய காலத்தில் வாரத்தில் அதிகம் எடுத்தவளுக்குத் துரை ஒரு கம்பளி கொடுக்கும் வழக்கம் உண்டு. அது அந்த வாரம் என்பது யாருக்கும் நினைவில்லை.

சனிக்கிழமை மாலை நிறுவைக்குத் துரை கம்பளியோடு வந்து, "காமாட்சி" என்று கூப்பிட்டார். நான் அப்போது ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நடந்ததை எனக்கு இருபது பேர் இருபது விதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னது இது மட்டும்தான். அக்கா முன்னால் போய் நின்றார்.

"அவ இல்ல தொர. ஆஸ்பத்திரியில படிக்கிறா. கூடை எங்ககூட வருது."

"கூடைக்குக் கால் இருக்கா?" என்று துரை தம் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"நாப்பத்திநாலு கால் இருக்கு தொர. கொழுந்து அம்புட்டும் தோட்டத்துக்குத்தான் வந்துச்சு, ஒரு இலை வெளிய போகல. அவ படிக்கிறதும் தோட்டத்துப் பிள்ளைக்குத்தான்."

துரை கம்பளியோடு திரும்பிப் போனார். அடுத்த பெரட்டில் தீர்ப்பு வந்தது. நிரை முழுவதற்கும் ஒரு நாள் பேர் வெட்டு. அக்காவைக் கொழுந்திலிருந்து எடுத்துப் புல்வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள். கெட்டிக்காரக் கொழுந்துக்காரிக்கு அது பெரிய அவமானம். துரை என்னைப் பார்த்து, "நீ போ, முடி. அரைப்பேர் தோட்டம் போடும்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. அந்த நாற்பத்துநான்கு கால் அவர் மனதில் ஏறியிருக்கலாம். மீதி அரைக்கு நிரையிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அரிசி வந்தது. அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் பயிற்சிக்குப் போகிற பெண்ணுக்கு அரைப்பேர் உண்டு.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "தலையில கயிறு இல்லாம சுகமாத்தான் இருக்கு" என்றார். கம்பளியைப் பற்றிக் கேட்டதற்கு, "தொரைக்கும் குளிரும்ல, போத்திக்கிட்டுப் போகட்டும்" என்றார்.

நான் ஆயாவாகி முதன்முதலில் கையில் வாங்கிய பிள்ளை அவருடைய ரீத்தாதான். நான்கு வருஷம் அவளுக்கு ஒரு நாளும் வயிறு கெடவிடவில்லை. பிறகு அக்காவின் வீட்டுக்காரர் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை கிடைத்துப் போனதால் குடும்பமே அங்கே போய்விட்டது.

புதன்கிழமை ஹட்டனில் ரயிலேறி நானு ஓயாவில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். குழிக்குள் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தபோது கை திறக்க மறுத்தது. எனக்கு ஒரு கை கொழுந்து போட்டவருக்கு நான் திருப்பிப் போடுவது இதுவா என்று இருந்தது.

எல்லாம் முடிந்து நின்றபோது ரீத்தா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வயது, அம்மாவின் அதே நெற்றி.

"நானும் ஆயா பயிற்சிக்குப் போறேன் சின்னம்மா. ரெண்டு மாசமாச்சு."

"இங்க அரைப்பேராவது போடுறாங்களா?"

"இல்ல. கூடை மலைக்குப் போகுது. அம்மாதான் தூக்கிட்டுப் போனாங்க."

இனி எப்படி என்று நான் கேட்பதற்குள், பக்கத்தில் நின்ற, எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கூடை இன்னிக்கும் போயிருக்குங்க அக்கா. அதுக்காகத்தான் பாதிப் பேரு அடக்கத்துக்கு வராம மலையில நிக்கிறாங்க."

அக்காவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவருடைய கேள்வி இருக்கிறது. பஸ்ஸுக்கு நின்றபோது அதை ரீத்தாவிடம் கேட்டேன்.

"கடைசியாப் போன அன்னிக்கு என்ன படிச்ச?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பால் போத்தலை எப்படிக் கொதிக்க வைக்கணும்னு."

"சொல்லு" என்றேன்.