அப்பா கால் வைக்காத கட்டிடம்

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலை அப்பா ஒருநாளும் கோயில் என்று சொன்னதில்லை. "உந்தக் கட்டிடம்" என்பார். எங்கள் கிணற்றடியில் நின்றால் அதன் முகப்பு முழுவதும் தெரியும். இரண்டு தோளிலும் நத்தை சுருண்டு கிடப்பது போன்ற சுண்ணாம்பு வேலைப்பாடு, நடுவில் வட்ட யன்னல், உச்சியில் ஒற்றை மணி. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மணி அடித்தால் மட்டும் தன் மணிக்கூட்டைப் பார்த்து, "இண்டைக்கும் பிந்தித்தான்" என்று சொல்லித் திருப்திப்படுவார்.

கோபம் பழையது. போர்த்துக்கேயப் பறங்கியர் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுதான் அதைக் கட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பிறகு வந்த ஒல்லாந்தர் சுவரை உயர்த்தி, பீடத்துக்கு முன்னால் பெரிய வளைவொன்று வைத்தார்களாம். அவர்களும் போனபின் கூரை விழுந்து, உள்ளே ஆலமரம் முளைத்துக் கிடந்ததாம். அமெரிக்க மிஷன்காரர் வந்துதான் மரத்தை வெட்டி, பனை வளை போட்டு, ஓடு வேய்ந்து, சனம் இருக்க நீள வாங்குகளும் போட்டார்கள். இத்தனை கை மாறிய சுவரில் இனி ஆருக்கு என்ன உரிமை என்று நான் கேட்டால், அப்பாவிடம் பதில் தயாராக இருக்கும்.

"களவெடுத்த சாமானை எத்தினை பேர் வித்து வாங்கினாலும் அது களவெடுத்த சாமான்தான், பிள்ளை."

அப்பா கட்டிட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். கட்டிடம் என்றால் அவருக்கு உயிர். யார் வீடு கட்டினாலும் போய் நின்று சுவரைத் தட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர், மதிலுக்கு அடுத்த பக்கத்தில் நின்ற ஆகப் பழைய கட்டிடத்துக்குள் ஒருதரம்கூடப் போனதில்லை. வேதக்காரனான உயிர்ச் சிநேகிதன் செத்து அங்கே வைத்திருந்தபோதும் அதன் வாசல் படலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுதான் கும்பிட்டார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் உடுத்த சேலையோடு வந்து இறங்கிய நான், பிறகு பெற்றோரோடேயே இருந்துவிட்டேன். கணவர் வெளிநாட்டில் உழைத்தார். மகள் இங்கேதான் பிறந்தாள். தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கி, குண்டு போடும் பொம்மர்கள் தலைக்கு மேலே சுற்றத் தொடங்கியபோதுதான் அப்பாவின் வைராக்கியம் எனக்குப் பெரிய தலையிடியாகிவிட்டது.

பொம்மர் சத்தம் கேட்டால் சனம் முழுக்க வேதக்கோயிலுக்குத்தான் ஓடும். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அந்தச் சுவர் அவ்வளவு தடிப்பு. யன்னல் திட்டில் என் மகள் கால் நீட்டிப் படுப்பாள். உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்ந்திருக்கும். நல்ல சைவக்காரர் எல்லாம் வாங்குகளுக்குக் கீழே கிடப்போம். அம்மா பிரசங்க மேடையோடு ஒட்டியிருந்து சத்தமாகவே "சிவசிவா" என்பாள். போதகர் ஒன்றும் சொல்லமாட்டார். எல்லாருக்கும் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைத்திருப்பார். நல்ல மனிதர், நல்லாய் இருக்கட்டும்.

அப்பா மட்டும் மாமரத்தடியில் சாய்மனைக் கதிரையில் இருந்து வானத்தைப் பார்ப்பார்.

"அப்பா, எழும்பி வாங்கோ! கொள்ளி வைக்கவும் இஞ்சை ஒரு ஆம்பிளைப்பிள்ளை இல்லை!"

"எங்கடை கல்லை எடுத்துக் கட்டினவங்களிட்டை நான் போய் ஒளிக்கிறதோ? நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு."

ஒவ்வொரு முறையும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். என் அப்பாவை அந்தக் கதிரையிலேயே பிணமாகப் பார்க்கப் போகிறேன் என்று எனக்குள் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருந்தது. அந்த நடுக்கம் வெளியே வரும்போது ஏச்சாகத்தான் வந்தது.

மாரிக்குச் சற்று முன்னால் ஒரு குண்டு பின்வளவுப் புகையிலைத் தோட்டத்தில் விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் வேதக்கோயில் வளைவின் ஒரு கால் வெடித்துவிட்டது. அடுத்த நாள் போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோவன். மழை பெய்தால் விழுந்துடுமோ எண்டு பயமாக் கிடக்கு."

அப்பா எழும்பவில்லை. நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதும் வைத்தியர் மாதிரி, எந்தப் பக்கம், வெடிப்பு நேரா சரிவா என்று இருந்த இடத்திலிருந்தே விசாரித்தார். போதகர் பாவம், ஓடிப்போய் உதிர்ந்த சாந்தில் ஒரு துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். அப்பா அதை விரலால் நசித்து, முகர்ந்தும் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த வளைவு விழுந்தால் கீழை கிடக்கப்போறது ஒல்லாந்தன் இல்லை, உங்கடை பேத்தி!"

மறுநாள் காலை அப்பா கிணற்றில் தோய்ந்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு வேதக்கோயில் படலையைத் தாண்டினார். ஆனால் செருப்பைக் கழற்றவில்லை. "வேலைக்குப் போற இடத்திலை செருப்பு வேணும்" என்று, நாங்கள் கேட்காமலே சொன்னார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

உள்ளே போய் வளைவை அண்ணாந்து பார்த்தவர் நெடுநேரம் அப்படியே நின்றார். "விசரங்கள், வடிவாத்தான் கட்டியிருக்கிறாங்கள்" என்றார். பிறகு வெடித்த காலின் சாந்தைக் கொத்திக் கொத்தி உதிர்த்தார். உள்ளே, வளைவின் பாரம் வந்து இறங்கும் இடத்தில், ஒரு கல் தெரிந்தது. அதில் தாமரை இதழ்கள் செதுக்கியிருந்தன.

அப்பாவின் கை நின்றுவிட்டது. வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்த கதை அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது. போதகரின் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணை," என்றார் மெதுவாக. "உங்கடை கல்லெண்டால்... நீங்கள் கொண்டு போங்கோ. நான் மறிக்கமாட்டன்."

அப்பா கல்லைத் தடவினார். பிறகு வளைவை அண்ணாந்து பார்த்தார். இப்படி எத்தனை தரம் மாறி மாறிப் பார்த்தார் என்று தெரியாது.

"எடுத்தால் உது முழுக்க இடிஞ்சு விழுந்திடும்," என்றார். "இவ்வளவு காலமும் இவர்தான் தாங்கியிருக்கிறார்."

கல்லை அவர் 'இவர்' என்றார்.

சீமெந்து வருவது நின்றுபோயிருந்த காலம். அப்பாவுக்கு அது பிரச்சினையாகப் படவில்லை. ஊரில் சுண்ணாம்பு சுட்டு, பனங்கட்டி கரைத்த தண்ணீரில் குழைத்து, பனங்குற்றிகளை வளைவுக்கு முட்டுக்கொடுத்து வேலை நடந்தது. சாந்து வைக்கிற அன்று போதகர் அப்பாவின் காதருகில் குனிந்து, "ராகுகாலம் கழிஞ்சாப் பிறகு தொடங்குவமோ அண்ணை?" என்று கேட்டார். அன்றுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை முதன்முதலாகக் கண்டேன்.

தாமரையை மட்டும் பூசாமல் விட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அதற்குச் சந்தனம் வைத்து ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்தாள். அதற்கடுத்த வெள்ளி பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் பூத்தட்டோடு வரிசையில் நின்றார்கள். போதகர் கைகூப்பிக்கொண்டு வந்து, "பூ வையுங்கோ, சந்தனம் வையுங்கோ. கற்பூரம் மட்டும் வேண்டாம் அம்மா, இப்பதான் வெள்ளையடிச்சது" என்று கெஞ்சினார்.

ஆனால் அப்பா பழையபடி மாமரத்தடிக்குப் போய்விட்டார். "வேலை முடிஞ்சுது" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

மழை விட்ட ஒரு காலையில் பொம்மர் திடீரென்று தாழ்வாக வந்தது. மகளை இழுத்துக்கொண்டு ஓடி, வேதக்கோயில் வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். சாய்மனைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். வாசலுக்கு வந்ததும் நின்றார். குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினார். மற்றதையும் கழற்றி, இரண்டையும் சுவரோரம் சோடியாக வைத்தார். தலைக்கு மேலே பொம்மர் குத்திக்கொண்டு இறங்கும் சத்தம்.

"அப்பா! செருப்போடை வாங்கோ!" என்று கத்தினேன்.

அவர் உள்ளே வந்து, என் கால்களைப் பார்த்தார்.

"கழட்டு பிள்ளை. கோயிலுக்கை செருப்போடையோ நிக்கிறது?"