நடத்தாத பாடம்

செல்வினைப் பள்ளியை விட்டு அனுப்பியது தலைமையாசிரியர் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன். முடிவெடுத்தது அவர்தான். பொய் சொன்னது நான்.

போன வாரம் பல்லடம் சாலையில் ஸ்கூட்டரைப் பழுதுபார்க்க விட்டிருந்தேன். மெக்கானிக் கை துடைக்கச் சாக்கிலிருந்து ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை உருவினார். சிவப்பும் நீலமுமாகக் கத்தரித்த துண்டுத் துணிகள். புதுத்துணியின் அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது.

எங்கள் போர்டிங் பள்ளியில் கரும்பலகை துடைக்க அந்தத் துணிதான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெற்றோர்கள் முறுக்கும் பழமுமாகப் பிள்ளைகளைப் பார்க்க வருவார்கள். செல்வினின் அம்மா கூடவே ஒரு பை வேஸ்ட்டும் கொண்டுவருவார். தெற்கிலிருந்து பிழைக்க வந்து, நல்லூரில் ஒரு கம்பெனியில் பனியனுக்குப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தவர். "சாருக்குப் போர்டு தொடைக்க" என்பார். கணக்கு வாத்தியாரும் வார்டனும் நானே. ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துவதால் பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'ஜீரோ வாட்'. எவ்வளவு பொருத்தமென்று பிற்பாடு தெரிந்தது.

அப்போது பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேறியாக வேண்டும், வாசலில் பேனர் கட்டியாக வேண்டும். தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்பும் முன்பே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். அந்த வருஷம் செல்வின் மாட்டினான்.

"சார், இன்னொரு டெஸ்ட் வைங்க சார். பாஸ் பண்ணலேன்னா நானே போயிருதேன்."

"சரி, பாஸ் பண்ணீட்டா இருந்துக்க கண்ணு."

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டுக்கூடத்து மூலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தான். அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் டி.சி.யில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டாயிற்று. பையன் தேறிவிட்டால் நான் அவரிடம் போய் வாதாட வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை. முக்கோணவியலிலிருந்து கணக்குகளைக் கொடுத்தேன். அந்தப் பாடத்தை நான் தொடங்கவே இல்லை.

டெஸ்ட் அன்றைக்கே டி.சி. வாங்க வரச் சொல்லியிருந்ததால் அவன் அம்மாவும் அங்கே நின்றிருந்தார். செல்வின் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், இது நீங்க நடத்தாத பாடம் சார்."

"நடத்துனதுதான். நீ தூங்கியிருப்பே."

"ஏலே, சார் நடத்தும்போது தூங்கிட்டியால?" அம்மா அவன் முதுகில் ஓங்கி அடித்தார். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான்.

டிரங்குப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். அன்றைக்கும் அவர் கொண்டுவந்த வேஸ்ட் பை என் மேஜைமேல் இருந்தது. அந்த வருஷம் எல்லோரும் தேறினார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு விசாரித்துக்கொண்டு நல்லூர் போனேன். செல்வின் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தான். எழுந்து எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தான். தெற்கத்திப் பேச்சு தேய்ந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை வாப்பா, கணக்குச் சொல்லித் தர்றேன். பிரைவேட்டா எழுதீரலாம்."

"இனி எதுக்குங்க சார்?" என்று சிரித்தான்.

"அன்னிக்கு நீ தூங்கலப்பா. நான்தான் நடத்தல. உங்கம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்."

மெஷினை நிறுத்தினான். "அம்மா போன ஆடியில தவறிட்டாங்க சார். கடைசி வரைக்கும், நீ அன்னிக்குத் தூங்காம இருந்திருந்தா, தூங்காம இருந்திருந்தான்னுதான்..."

"செல்வினு, பீஸ் நிக்குது பாரு!" என்று சூப்பர்வைசர் கத்தினார். அவன் மறுபடி மெஷினை ஓட்டினான். நான் எழுந்து வந்ததை அவன் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல இருந்தான்.

பள்ளியில் இப்போது கரும்பலகை கிடையாது, திரை. போர்டிங்கை மூடிவிட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். ராத்திரி அந்தப் பக்கம் போனால் மூலையில் விளக்கு எரிகிறது. அணைக்கச் சொல்லிக் கத்த ஆளில்லை.