ஒரு மூலை தெரியும் ஜன்னல்

குணேஸ்வரி பதினோரு வருடமாக ஐஸ் ஹொக்கி பார்க்கிறாள். ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற அரீனாவில், ஸ்கேட்டுகளுக்குச் சாணை பிடிக்கும் சின்ன அறை அவளுடையது. அந்த அறைக்கு ஒரேயொரு ஜன்னல். அதில் தெரிவது பனித்தரையின் ஒரு மூலையும் அந்தப் பக்கத்துக் கோல் வாசலும் மட்டுமே. மறுமுனையில் பக் என்கிற அந்த ரப்பர் வட்டு கோலுக்குள் போனால் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அதனால் கோல் அடிப்பவர்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோல் விழாமல் காப்பவர்களைப் பற்றி எல்லாம் தெரியும்.

சென்ட் லோரன்டில் அவள் வேலை செய்த உடுப்புத் தொழிற்சாலை மூடியபோது இங்கே துப்புரவு வேலைக்கு வந்தாள். மூன்றாம் மாதம் சாணை பிடிப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். மனேஜர் வந்து, இந்த மெஷின் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். குணேஸ்வரி "வுய்" என்று பிரெஞ்சில் ஆமோதித்தாள். அதுவரை அந்த மெஷினைத் துடைத்திருக்கிறாள், வேறொன்றும் இல்லை. யாரும் தேடி வராத பழைய ஸ்கேட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. ஒரு கிழமை, ஏழு நாளும், அவற்றில் கையைப் பழக்கினாள். இரண்டாம் கிழமை முதல் அறை அவளுடையதாகிவிட்டது.

ஸ்கேட் பிளேட்டின் அடியில் நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஓடும். பள்ளத்தின் இரு கரையும்தான் பனியைப் பிடிக்கும் ஓரங்கள். பள்ளம் ஆழமானால் பிடி இறுகும். திரும்பும்போது கால் லேசில் வழுக்காது. இதெல்லாம் எல்லாச் சாணைக்காரருக்கும் தெரியும். குணேஸ்வரி இன்னும் ஒன்று செய்வாள். சாணை பிடிக்க முன், விரல் நகத்தை ஓரத்தில் இழுத்துப் பார்ப்பாள். எந்த ஓரம் மழுங்கியிருக்கிறது, எது புதிதாகவே இருக்கிறது என்று நகம் சொல்லிவிடும். அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் துணிந்து சாய்கிறது, எந்தப் பக்கம் தயங்குகிறது என்பது அதில் இருக்கும்.

செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்குக் கடைசித் தேர்வு. அணியின் பயிற்சியாளன் மைக்கல் ஒரு கட்டுக் காகிதத்தோடு அறைக்குள் வந்து ஸ்டூலில் இருந்தான். மன்னாரில் பிறந்து இங்கே வளர்ந்தவன்.

"என்ன மைக்கல், முகம் சரியில்லை?"

"பின்னுக்கு நிண்டு காக்கிற வரிசையில ஒரு இடம்தான் மிச்சம் அக்கா. ஆர்த்திகாவைப் போடுறதோ விடுறதோ தெரியேல்லை. மூண்டு பேர் மார்க்ஸ் போட்டவை. மூண்டு பேரும் 'வேகம் காணாது' எண்டு எழுதியிருக்கினம்."

"மூண்டு பேரும் பிழை."

மைக்கல் சிரித்தான். "நீங்கள் ஒரு நாளாவது ஐஸில கால் வைச்சிருக்கிறீங்களோ?"

"பிரசவம் பாக்கிற டொக்டர் எத்தினை பிள்ளை பெத்தவர்? பேசாமல் கேள். கோலுக்குப் பின்னால பக் வந்தால், அதைத் தொட முதலே ரெண்டு தரம் தோளுக்கு மேலால திரும்பிப் பாக்கிறாள். எடுத்த கையோட யாருக்குக் குடுக்கிறதெண்டு அவளுக்குத் தெரியும். உன்ர மற்றப் பிள்ளையள் எடுத்துப்போட்டுத்தான் யோசிக்கினம். அவளின்ர பூட்ஸைப் பாத்தனியோ, வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்படையாளம். அடிக்கிற பக்குக்குக் காலைக் குடுக்கிறாள். பயமில்லை."

"அப்ப ஏன் ஆக்கள் இவளைத் தாண்டிப் போகினம்?"

"வியாழக்கிழமை சாணைக்கு வரேக்க, இடது பிளேட்டின்ர வெளி ஓரம் கடையில வாங்கின மாதிரிக் கிடந்தது. இவள் இடப்பக்கம் திரும்புறதே இல்லை. பின்னுக்குப் போகேக்க ஆள் இடப்பக்கமா வந்தால், வலப்பக்கமா ஒரு சுத்துச் சுத்தித் திரும்புறாள். பக்குக்கு முதுகைக் காட்டுறாள். அதுக்குள்ள ஆள் போயிடும். அது வேகக் குறை இல்லை, வழி நீளம்."

மைக்கல் காகிதத்தைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். "சரி. இண்டைக்கு அவளை உங்கட ஜன்னல் பக்கமே காக்க விடுறன். மற்றப் பக்கத்தாரை அவளின்ர இடப்பக்கமா மட்டும் வரச் சொல்லுறன்."

"அவளிட்டச் சொல்லலாமோ?"

"சொல்லுங்கோ. தெரிஞ்சபிறகு என்ன செய்யிறாள் எண்டதுதான் எனக்கு வேணும்."

அவன் போன கொஞ்ச நேரத்தில் ஆர்த்திகாவின் அப்பா ஜெயராம் மகளோடு வந்தார். சென்னைக்காரர், விமானப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எஞ்சினியர். ஸ்கேட்டுகளை மேசையில் வைத்தார்.

"எப்பவும் போல ஆழமா பிடிச்சுக் குடுங்கக்கா. இன்னைக்கு கத்தி மாதிரி இருக்கணும்."

"இண்டைக்கு வேண்டாம் தம்பி. வியாழக்கிழமை பிடிச்சது போதும்."

"என்னக்கா, கூர் ஜாஸ்தின்னா பிடிமானம் ஜாஸ்தி. சிம்பிள் பிசிக்ஸ்."

"ஓம். பிடிச்சால் விடாது, அதுதான் வில்லங்கம். பிள்ளை திரும்பேக்க காலை இழுக்கும். இவ்வளவு நாளும் நீங்கள் கேட்டதைச் செய்து தந்தனான். கேட்டது பிழையெண்டு சொல்லேல்லை. அது என்ர பிழை."

ஜெயராமுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இதப்பத்தி எவ்வளவு படிச்சிருக்கேன் தெரியுமா?"

"அப்பா," என்றாள் ஆர்த்திகா. "லெஃப்ட்ல திரும்பினா கால் மாட்டிக்குது. போன வருஷத்துலேர்ந்தே எனக்குப் பயம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க நல்லா ஆடினதை மட்டும்தானே வீடியோல வெட்டி வைக்கறீங்க."

ஜெயராம் ஸ்கேட்டுகளைத் திரும்ப மகளிடம் கொடுத்தார். குணேஸ்வரி அவளிடம் நேராகச் சொன்னாள்: "இண்டைக்கு எல்லாரும் உன்ர இடப்பக்கமாத்தான் வருவினம். மைக்கல்தான் அப்பிடி வரச் சொல்லியிருக்கிறான். வலப்பக்கம் சுத்தினாய் எண்டால் அணியில இடம் இல்லை."

ஆர்த்திகா தலையாட்டினாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

தேர்வு ஆட்டம் தொடங்கியது. குணேஸ்வரி மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலருகே நின்றாள். ஜெயராம் மேலே பார்வையாளர் படிக்கட்டுக்குப் போகாமல் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

முதல் தடவை ஒருத்தி இடப்பக்கமாகப் பாய்ந்து வந்தாள். ஆர்த்திகா பழைய வழக்கத்தில் வலப்பக்கம் சுற்றினாள். கோல். ஜெயராம் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாம் தடவை இடப்பக்கம் திரும்பப் பார்த்தாள். கால் மாட்டி முழங்காலில் விழுந்தாள். கோல் காப்பவள் எப்படியோ தடுத்தாள்.

"போச்சு," என்றார் ஜெயராம்.

"எங்க போச்சு? எந்தப் பக்கம் விழுந்தவள் எண்டு பாத்தீங்களோ?"

மூன்றாம் தடவை வந்தவள் உயரமான பிள்ளை. ஆர்த்திகா பின்னோக்கிப் போய்க்கொண்டே இடது காலைத் திறந்து திரும்பினாள். அழகாக இல்லை, கொஞ்சம் பிந்தியும்விட்டது. ஆனால் முகம் பக்கைப் பார்த்தபடி இருந்தது. வந்தவளைத் தோளால் சுவரோடு ஒதுக்கி, பக்கைப் பறித்து, தலையை ஒருமுறை உயர்த்தி, நெடுக அனுப்பினாள். அது ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது. எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் தூரத்தில் ஒரு மட்டை அதை வாங்கிய "டொக்" சத்தம் சுத்தமாகக் கேட்டது.

"அது சரியான ஆளிட்டப் போயிட்டுது," என்றாள் குணேஸ்வரி.

"தெரியவே இல்லையே, எப்படிச் சொல்றீங்க?"

"தப்பான ஆளெண்டால் இப்ப எல்லாரும் இஞ்சால திரும்பி ஓடி வந்திருப்பினம்."

ஒரு மணி நேரம் கழித்து மைக்கல் வந்து காகிதத்தை மேசையில் வைத்தான். 'வேகம் காணாது' என்பதன் மேல் கோடு கிழித்திருந்தான். அதன் கீழே எழுதியிருந்தான்: முதல் பாஸ் மிக நன்று. பயமில்லை. இடப்பக்கத் திரும்பல் டிசம்பர் நத்தாருக்குள் சரிவர வேண்டும். எடுக்கிறோம்.

"நத்தார் வரைக்கும் தேவையில்லை," என்றாள் குணேஸ்வரி. "நவம்பர் எண்டு எழுது."

அன்று பின்னேரம், ஜெயராமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஆர்த்திகாவின் இரண்டு பிளேட்டின் பள்ளத்தையும் ஆழம் குறைத்துப் பிடித்தாள்.

பத்து நாள் கழித்து ஆர்த்திகாவின் ஸ்கேட்டுகள் திரும்ப வந்தன. குணேஸ்வரி இடது பிளேட்டின் வெளி ஓரத்தில் நகத்தை இழுத்தாள். நகம் வழுக்கிக்கொண்டு போனது. முன்பு புதிதாகவே கிடந்த ஓரம் மழுங்கி, இரண்டு இடத்தில் சின்ன வெட்டும் விழுந்திருந்தது. இன்னொருமுறை இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மெஷினைப் போட்டாள்.