அலுமாரிக்குள் ராத்தா

எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் ஓர் அறிவித்தல் தொங்குகிறது. பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை எல்லோரும் ‘ரூஹே’ காக்க வேண்டுமாம். ஜெர்மன் மொழியில் அது அமைதியைக் குறிக்கும் சொல். வந்த புதிதில் அதை வாசித்தபோது, ஊரில் உயிருக்கு நாங்கள் சொல்லும் ரூஹுதான் நினைவில் வந்தது. கல்முனைக்குடியில் அந்த நேரத்தில் மீன்காரரின் ஹோர்ன் சத்தத்தையும் மீறித்தான் நாங்கள் கதைப்போம். இங்கே கதிரையை இழுத்தாலே கீழ்வீட்டுக்குக் கேட்டுவிடும்.

கீழ்வீட்டில் தனியாக வாழும் லேமன் அம்மையார் ஒரு நாள் கதவைத் தட்டினார். சில நாட்களாகத் தன் படுக்கையறைச் சுவருக்குள் ஏதோ முனகுகிறது என்றார். நான் பதறிப்போய் அலுமாரியைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், “என் அக்கா உள்ளே இருக்கிறார்” என்றேன். அவருடைய முகம் வெளுத்துப்போனது. விறுவிறுவெனப் படியிறங்கிவிட்டார்.

அலுமாரிக்குள் இருந்தது ஒரு சேர்வர். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட சிறிய கணினியை மலிவாக வாங்கி, அதில் இரண்டு டிஸ்க்குகளைப் பூட்டியிருந்தேன். ஒன்று பழுதானாலும் மற்றதில் எல்லாம் பத்திரமாக இருக்கும். அதில் நான் காப்பாற்ற நினைத்தது ஒரேயொரு கலியாண வீடியோவை.

என் ராத்தா நஸ்ரின் என்னைவிட மூன்று வயது மூத்தவர். கடல் ஊருக்குள் வந்த காலையில் அவர் வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய ஒரு வயது மகள் ஹஸ்னாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் உம்மா முதல்நாளே மாவடிப்பள்ளியில் இருக்கும் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தார். நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். ராத்தாவும் போனார், வீடும் போனது, அல்பங்களும் போயின. சாச்சி பார்ப்பதற்காக இரவல் வாங்கி வைத்திருந்த ராத்தாவின் கலியாண வீடியோக் கசெற் மட்டும் மிஞ்சியது. அதன்பிறகு உம்மா அதை யாரையும் போட விடவில்லை. நான் நாட்டைவிட்டு வரும்போது, பூஞ்சணம் பிடித்துவிடும் என்று சொல்லி என் பெட்டிக்குள் அவரே வைத்தார்.

இவ்வருடம் ஹஸ்னாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. அவள் தன் தாயின் முகத்தை அறிந்தது அடையாள அட்டைப் படமொன்றைப் பெருப்பித்துப் பார்த்துத்தான்.

“மாமா, உம்மாட கொரல் எப்பிடி இரிக்கும் எண்டு எனக்குத் தெரியா. கலியாணத்துக்கு முந்தி ஒருக்காக் கேக்கணும்” என்று தொலைபேசியில் சொன்னாள்.

பெரிய கம்பனிகளின் இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி அனுப்புவது ஐந்து நிமிட வேலை. உம்மா சம்மதிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில், ஓர் உறவுப் பெண் எடுத்த வீடியோ அது.

“மகன், அவள் தல மூடாமச் சிரிச்சிட்டு இரிக்காள். பிறத்தியார்ர மெசினுல ஏத்தாத. உண்ட ஊட்டுக்குள்ள வச்சே புள்ளைக்குக் காட்டு.”

கசெற்றைக் கடையில் கொடுத்து மாற்றவும் மனம் வரவில்லை. பழைய பொருள் சந்தையில் ஒரு வீடியோ டெக் தேடி வாங்கி, நானே போட்டுச் சேர்வரில் ஏற்றினேன். படம் இடையிடையே கிழிந்தது. குரல் தெளிவாக இருந்தது. ராத்தா பேசத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு முடியும்வரை இருந்தேன்.

லேமன் அம்மையார் வந்துபோன மறுநாள் கீழே போய், தொலைபேசியின் மொழிபெயர்ப்பைக் காட்டிக் காட்டி அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்றே அவர் நினைத்திருந்தாராம். கடலைப் பற்றிய இடம் வந்ததும் தன் கதிரையை எனக்கு அருகே நகர்த்தினார். பிறகு தையல் பெட்டியிலிருந்து அகலமான இலாஸ்டிக் நாடாவை வெட்டித் தந்தார். கணினிப் பெட்டியின் தகரத்தைத் தொடாமல் டிஸ்க்குகளை அதில் தொங்கவிட்டால் அதிர்வு சுவருக்குப் போகாது என்று, கைகளை ஊஞ்சல்போல் ஆட்டிக் காட்டினார். அப்படியே செய்தேன். முனகல் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின், இணையம் வழியாக என் சேர்வருக்குள் வர ஹஸ்னாவுக்கு மட்டும் வழி திறந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு அவளும் உம்மாவும் பார்த்தார்கள். அவர்களுடைய மற்றத் தொலைபேசி அழைப்பில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். “கெமராவ நிப்பாட்டுங்க, பூவெல்லாம் கழண்டு போச்சி” என்று ராத்தா சிரித்தார். ஹஸ்னா அந்த இடத்தைத் திரும்பவும் போட்டாள்.

“மாமா, இது நான் கதைக்கிற மாதிரியே இரிக்கி” என்றாள் ஹஸ்னா.

அவளுக்குப் பின்னாலிருந்து உம்மா, “ஓம் புள்ள, நீ கதைக்கக்குள்ள எனக்கு எப்பயும் அவள்தான்” என்றார். இத்தனை வருடங்களில் அதை அவர் ஒருமுறையும் சொன்னதில்லை.

ஹஸ்னாவுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. நான் போக முடியவில்லை. சில பின்னேரங்களில் வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, அலுமாரி இடுக்கில் ஒரு சிறிய பச்சை விளக்கு துடிக்கத் தொடங்குகிறது. ஊரில் யாரோ அந்த வீடியோவைத் திறந்திருக்கிறார்கள். பார்ப்பது உம்மாவா, ஹஸ்னாவா என்று நான் விசாரிப்பதில்லை. ராத்தா என் அலுமாரியில் இருக்கிறார். அவருடைய சிரிப்பு கல்முனைக்குடியில் கேட்கிறது. ஒரு சப்பாத்தைக் காலிலும் மற்றதைக் கையிலும் வைத்துக்கொண்டு, விளக்கு அடங்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.