கைநாற்று தீருவதற்குள்

பக்கத்து வீட்டுப் பெண் போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டு ஓடும், மேலிருந்து கட்டைகள் இறங்கும், தாளம் தப்பாமல் தட்ட வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. "ஆயா, இது உனுக்குப் புரியாது" என்றாள். எனக்கா புரியாது? உத்திரமேரூர்ப் பக்கத்துச் சேற்றில் முழங்கால் புதைய நின்று நான் ஆடாத ஆட்டமா இது!

கல்யாணமாகிப் புள்ளலூரிலிருந்து வந்த புதுசு. நடவில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தி விடுகதையைப் பாட்டாகப் போடுவாள். எதிராளி தன் கையிலிருக்கும் நாற்று தீருவதற்குள் பதிலையும் அதே மெட்டில் கட்டிப் பாட வேண்டும். ஜெயித்தவளின் மெட்டைத்தான் அந்த நடவு முழுக்க எல்லோரும் பாடுவார்கள். வருஷக்கணக்காக அது கன்னியம்மா அக்காவின் மெட்டுதான். எருமை கரையேறுவதுபோல் ஆடி அசைந்து வரும். என் அம்மா வீட்டு மெட்டை நான் முணுமுணுத்தால் போச்சு, புள்ளலூரில் நாற்று நடுவார்களா, கோழி விரட்டுவார்களா என்று கேட்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். என் குரலும் தவளைக்குப் பக்கத்து வீடு, அது வேறு. சேற்று வாடை குளித்தால் போய்விடும். அந்தச் சிரிப்பு போகாது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், இன்றைக்கு நான்தான் கேட்பேன் என்றேன்.

"கேளுடி புள்ளலூரு. கையில நாத்து நெறையவே கீது."

எங்கள் ஊர் மெட்டு குதித்துக் குதித்து ஓடும். அதை எடுத்துவிட்டேன்.

"தோண்டத் தோண்ட வளருது,
தூர்த்துப்புட்டா சாவுது..."

சின்னப் பிள்ளைக்கும் தெரியும் பதில். ஆனால் நடவுக்காரியின் கை இருக்கிறதே, அது காது சொல்வதைத்தான் கேட்கும். நான் விரட்டிப் பாடப் பாட, அக்காவின் கை என் தாளத்துக்கு நட்டுக்கொண்டே போனது. நிறுத்தப் பார்க்கிறாள், நிற்கவில்லை. பதிலைக் கட்டி அவள் வாயைத் திறக்கையில் கை காலி.

"கெணறுதான்டி அது" என்று வெறுங்கையோடு நிமிர்ந்தாள். வரிசையே சிரித்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி இது, என் கை உன் பேச்ச கேட்டுக்கினு கீது."

அந்த நடவு முழுக்க என் மெட்டுதான். முதலில் எடுத்துப் பாடியதும் கன்னியம்மா அக்காதான். தோற்றுவிட்டோமென்று குரலை ஒளிக்கிறவள் இல்லை அவள். கழனிக்காரருக்கு என்னைவிடச் சந்தோஷம். அந்த வேகத்தில் உச்சிப் பொழுதுக்குள் வேலை முடிந்ததே!

இப்போது அக்கா இல்லை, அந்த வரிசையும் இல்லை. போன நடவுக்கு அதே கழனியில் மிஷின் ஓடியது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரே ஒரு ஆள் ஓட்டினான். வரப்பில் நின்று அதே விடுகதையை எடுத்துவிட்டேன். மிஷினில் அடுக்கிய நாற்று தீருகிறவரை காத்திருந்தேன். பதில் வரவில்லை.

ஆக, அன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன்.