இரண்டு வீட்டு மின்சாரமும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

ஒரு வீட்டுக் கணினித் திரையில் மூடுபனி அழகாக இறங்குவதற்காக, பக்கத்து வீட்டு விளக்கு அணையலாமா? கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பிய நாளில் இப்படியொரு கேள்வி எனக்கு எழவில்லை. எந்தக் கார்டு வேகமானது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணினி என் கல்லூரி நாட்களில் விளையாட்டுக்கென்றே வாங்கியது. படிப்பு முடிந்து மலைமேல் குண்டூர் நாட்டிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பி, மிளகு விவசாயிகளின் குழுவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது தங்கையிடம் போய்விட்டது. அவள் அதில் விளையாடவில்லை. ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தாள். அதில் துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது. ஒருவர் மலைச்சரிவில் நடப்பார். பலா மரங்களுக்கிடையே பனி வரும், விலகும். வடிவமைப்புக் கல்லூரியில் இடம் கேட்டு அவள் அனுப்பவிருந்தது அதைத்தான். மழைக்காலம் முடிவதற்குள் முடித்தாக வேண்டும். பழைய கார்டிலோ பனி மிதக்காமல், நின்று நின்று வெட்டியது.

கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து சாயும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து அணைத்துப் பிடித்தபடி அடிவாரத்திற்கு இறங்கினோம். அங்கே பழைய கணினிப் பாகங்கள் விற்கும் பாய், மேசைமேல் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார்.

"பெருசு எடுத்தா படம் வழுக்கிட்டு ஓடும். ஆனா கரண்டக் குடிக்கும், பவர் சப்ளையும் மாத்தோணும். உங்க பழைய மெசினுக்குச் சின்னதே போதும். மேல கரண்டு போனா என்ன பண்ணுவீங்க தம்பி?"

"இன்வெர்ட்டர் இருக்குங்க பாய்."

"அதுல என்னென்ன ஓடுது?"

"லைட்டும் ஃபேனுந்தானுங்க. எங்க ஊட்டுக்கு மட்டும்."

அடிவாரத்து மின்சாரத்தில் பெரிய கார்டைப் பொருத்திக் காட்டினார். பனி மரத்துக்கு மரம் தாவி, இலை நுனியில் தயங்கி, பள்ளத்தில் இறங்கியது. தங்கை மூச்சுவிட மறந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறெதையும் எடைபோட எனக்கு மனம் வரவில்லை; பவர் சப்ளையையும் மாற்றி, பெரியதையே வாங்கினேன்.

அடுத்து வந்த நாட்கள் அரைத்தூக்கத்தில் கழிந்தவைபோல நினைவிலிருக்கின்றன. சன்னலுக்கு வெளியே வெண்மை, திரைக்குள்ளும் வெண்மை. மிளகுக்கொடிகள் நனைந்துகொண்டிருந்தது எந்தப் பக்கம் என்று சில நேரம் எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் நண்பகலில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்தது. மின்சாரம் போனது. தங்கை இன்வெர்ட்டரில் வேலையைத் தொடர்ந்தாள். நான் அருகில் அமர்ந்து அந்தப் பனிக்குள் நடந்துகொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கும் நேரத்தில் திரை, விளக்கு எல்லாம் ஒரே கணத்தில் அணைந்தன. முற்றத்துக்கு அப்பால் ஒரு குழந்தை வீறிட்டது.

அப்போதுதான் நினைவு வந்தது. மழைக்காலத்தில் இன்வெர்ட்டர் உள்ள வீடு, இல்லாத வீட்டுக்கு ஒரு ஒயர் இழுத்துக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் ஒயர் துணிக்கொடியோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அதன்மேல் குழந்தைத் துணிகள் காய்ந்து காய்ந்து, அது ஒயர் என்பதே எங்கள் கண்ணில் படாமல் போயிருந்தது. அந்த வீட்டு அக்காவுக்குக் கைக்குழந்தை. கணவர் லாரியோடு வெளியூர் போயிருந்தார்.

அக்கா வாசலில் வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, உங்க ஊட்லயும் போயிருச்சா? பாவம், இருட்டுல இருக்காதீங்க. மெழுகுவத்தி ரெண்டு இருக்குது, ஒண்ணு தரட்டுமா?"

தங்கை மெல்லச் சொன்னாள்: "நாங்கதானுங்க அக்கா தீத்துப்போட்டோம். புதுக் கார்டு பேட்டரியை முழுசாக் குடிச்சிருச்சு."

அக்கா சிரித்துவிட்டார். "எம் புள்ளையவே மிஞ்சீருச்சா! இவனாச்சும் குடிச்சா தூங்குவான் சாமி."

அவர் கோபித்திருந்தால் நான் ஏதேனும் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் சிரித்ததால், மெழுகுவத்தி வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். நடந்தது அவ்வளவு பெரிய தீங்கில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மாலைப்பொழுது இருட்டு, அவ்வளவே. ஆனாலும் அந்த மழைக்காலம் முழுவதும் அது திரும்பத் திரும்ப நடக்கும் என்பதும் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் என்று பாயிடம் சொன்னது பொய்யல்ல, நினைவின்மை. இருட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கார்டைக் கழற்றியது தங்கை. "பனி கொஞ்சம் கரடுமுரடாத் தெரியும்ணா, பரவால்ல. மரத்தைக் குறைச்சுக்கிறேன்."

பாய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டார்: "நல்ல பொருளைக் கொண்டாந்து நீட்றீங்களே, ஓடலையா?"

"நல்லா ஓடுச்சுங்க பாய். அதான் பிரச்சினை" என்றாள் அவள்.

பதிலுக்கு வாங்கிவந்த சிறிய கார்டில் பனி முன்போல இலை நுனியில் தயங்குவதில்லை. ஆனால் வெட்டாமல் மிதக்கிறது. தங்கை தன் விளையாட்டை உரிய காலத்தில் முடித்து அனுப்பினாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்தது. இப்போதெல்லாம் கம்பியில் மின்சாரம் இருக்கும்போது மட்டுமே அவள் கனமான வேலைகளைச் செய்கிறாள்; மின்சாரம் போனால், சிறிய கார்டு அதிகம் குடிக்காததால் சின்ன வேலைகளை மட்டும் முடித்துக்கொண்டு, அக்கா வீட்டு விளக்குக்குப் பேட்டரி மிஞ்சும்படி இருட்டுவதற்குள் கணினியை நிறுத்திவிடுகிறோம்.