அம்மாவுக்காகச் செய்த மின்னும் பெல்

ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடேறியதும் வரும் அந்தப் பிசின் புகை... மழை நாட்களில் எங்கள் ஸ்ரீவராகம் வீட்டு மாடி அறையை விட்டுப் போகவே போகாது. ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் இருமல்.

பெங்களூரில் எனக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. சேரப் பதினைந்து நாள்தான்.

அம்மாவுக்குக் காது கேட்காது. அப்பா காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் அம்மா தூக்கிவாரிப் போட்டுத் திரும்புவாள். ஒருமுறை கொதிக்கும் ரசத்தைக் கையில் கொட்டிக்கொண்டாள்.

அவளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. கிளம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

நகத்தளவு மைக்ரோகன்ட்ரோலர் சிப் ஒன்று, எட்டே எட்டுக் கம்பிக் கால்கள். வாசலில் பட்டனை அழுத்தினால் அடுக்களையில் எல்இடி மின்னும். மூன்றே நாளில் தயார்.

ஒரு வாரம்... ஒருமுறைகூட மின்னவில்லை.

ஒயர், பேட்டரி, புரோகிராம், எல்லாம் சரி. கடைசியில் வாசலிலேயே உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த வீட்டு விசாலம் மாமி வந்தாள். "லக்ஷ்மீ..." என்று அம்மாவுக்கு ஒரு குரல், பதிலுக்கு நிற்காமல் நேராக உள்ளே.

"மாமி, பெல் வச்சிருக்கேனே?"

"அது அந்நியாளுக்குன்னா. நான் என்ன கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவளா?"

எங்கள் தெருவில் யாருமே பெல் அடிப்பதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

பட்டனைப் பிடுங்கிப் போட்டேன். வாசலைத் தாண்டியதும் வரும் ரேழிச் சுவரில், ஆள் கடந்தால் உணரும் சென்சார் ஒன்றை வைத்தேன். முதலில் பூனைக்கெல்லாம் மின்னியது. இடுப்பு உயரத்துக்கு ஏற்றினேன். புரோகிராமை எத்தனை முறை மாற்றினேன் என்று நினைவில்லை. கிளம்ப இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் மாமி அடுக்களைக்குள் கால் வைக்கும் முன்பே அம்மா திரும்பி, "வாங்கோ" என்றாள்.

மாமிதான் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "என்னடி, இவளுக்குக் காது வந்துடுத்தா?"

அம்மா சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "பெட்டியெல்லாம் கட்டியாச்சோ?" என்றாள்.

இப்போது புரோகிராம் எழுதுவதுதான் என் வேலை. ஆயிரக்கணக்கான வரிகள் எழுதுகிறேன்... யார் வீட்டில் ஓடுகின்றன என்று தெரியாது.

அந்தப் பதினைந்து நாளும் கிளம்புவதற்கு வழி செய்வதிலேயே போய்விட்டது. அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததாக நினைவே இல்லை. இப்போது லீவில் போனால் உட்காருகிறேன். பத்து நிமிஷம்... பிறகு எழுந்து போய், நன்றாக இருக்கும் ஏதோ ஒரு ஒயரை இழுத்துப் பார்க்கிறேன்.